பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் பண்டிகைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு 17, அடுத்தவனுக்கு 13, கடைக்குட்டிப் பெண்ணுக்கு 8. நாங்கள் கத்தோலிக்கர். மூவரும் சின்னதாக இருந்தபோது எங்கள் வீட்டில் வருடம் ஜனவரியில் தொடங்காது, கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரத் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறில்தான் தொடங்கும். வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி, கிறிஸ்துமஸ் குடில், தவக்காலத்தில் வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, மே மாதம் முழுக்க ஜெபமாலை என்று ஓடும். வாசகத்தை யார் வாசிப்பது என்று சண்டையே நடக்கும். இப்போது மூத்தவன் பூசைக்கு வர மறுக்கிறான். "எனக்கு இதெல்லாம் உண்மைன்னு தோணலை, வந்து உட்கார்ந்து நடிக்கச் சொல்றீங்களா?" என்கிறான். அவனைப் பார்த்து அடுத்தவனும் ஜெப நேரத்தில் போனும் கையுமாக இருக்கிறான். என் கணவர் சத்தம் போடுகிறார், எனக்கு அழுகை வருகிறது. கட்டாயப்படுத்துவதா, விட்டுவிடுவதா? சென்ற வருடம் குடிலை நானும் சின்னவளும்தான் வைத்தோம். இந்த வருடம் வைக்கவே மனமில்லை. எங்கள் வீட்டுப் பண்டிகைக் காலமே முடிந்துவிட்டதோ என்றிருக்கிறது. பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

குடிலை வையுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மற்றதைப் பேசுவோம்.

நீங்கள் முடிந்துவிட்டது என்று நினைப்பது பண்டிகைக் காலமல்ல, பண்டிகைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு உரிய பகுதி. நம் வீடுகளில் வருடத்தையே டிசம்பரை வைத்துத்தான் கட்டுகிறோம். நட்சத்திரம், குடில், பாட்டு எல்லாம் ஐந்து வயதுக்கும் எட்டு வயதுக்கும் அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கும். பிள்ளைக்கு அந்தச் சட்டை பத்தாமல் போனதும் வருடமே போய்விட்டதாகப் பயந்துவிடுகிறோம். ஆனால் திருவழிபாட்டு ஆண்டின் நடு இடம் உயிர்ப்புப் பெருவிழா, அதாவது ஈஸ்டர். அதற்குப் போகும் வழி நாற்பது நாள் தவக்காலம். அது முழுக்க வளர்ந்தவர்களுக்கான விஷயங்கள்: நண்பன் காட்டிக்கொடுப்பது, பயத்தில் மறுதலிப்பது, கடவுளே கைவிட்டுவிட்டார் என்று கத்துவது. எட்டு வயதில் இதெல்லாம் கதையாகத்தான் காதில் விழும். பதினேழு வயதில்தான் உறைக்கும்.

திருச்சபைக்கும் வயதுக் கணக்கு உண்டு. மாமிசம் தவிர்க்கும் ஒறுத்தல் கடமை 14 வயது நிரம்பியவர்களுக்குத்தான், நோன்பு 18 வயது நிரம்பியவர்களுக்கு. திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இருப்பதுதான் இது. ஞாயிறு வாசகங்களும் அப்படித்தான். 1969-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு அவை மூன்றாண்டுச் சுற்றில் ஓடுகின்றன, ஒரு வருடம் மத்தேயு நற்செய்தி, அடுத்தது மாற்கு, பிறகு லூக்கா; யோவான் எல்லா வருடமும் இடையிடையே வருவார். எட்டு வயதில் மத்தேயுவைக் கேட்ட பிள்ளை பதினொன்றில், பதினான்கில், பதினேழில் அதே மத்தேயுவைத் திரும்பக் கேட்கிறது. நற்செய்தி அதேதான், கேட்கிற ஆள் வேறு. அப்படியிருக்க நாம் மட்டும் வீட்டில் பதினேழு வயதுக்காரனை எட்டு வயதில் உட்கார்ந்த அதே இடத்தில், அதே பாட்டைப் பாடிக்கொண்டு உட்காரச் சொல்கிறோம்.

சரி, கட்டாயப்படுத்துவதா என்ற கேள்வி. இரண்டாமவனுக்கும் சின்னவளுக்கும் ஞாயிறு பூசை என்பது வீட்டு வழக்கம், பள்ளிக்கூடம் போவது மாதிரி. அதில் கெஞ்சலும் வேண்டாம், பேரமும் வேண்டாம். பூசைக்கு வந்தால் போன் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பூசைக்கு அப்போதே ஒரு விலை வைத்தாயிற்று.

பதிமூன்று வயதுக்காரனுக்குப் புத்திமதி ஏறாது, வேலை கொடுத்தால் செய்வான். போன குருத்து ஞாயிறன்று கொண்டுவந்த ஓலை உங்கள் வீட்டிலும் சிலுவைக்குப் பின்னால் செருகி இருக்கும், இந்நேரம் பழுப்பேறி, ஓரம் சுருண்டு, தொட்டால் பொடியாக உதிரும். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முன்னால் அதைக் கோவிலில் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் விடுங்கள். முடிந்தால் ஃபாதரிடம் சொல்லி, எரிக்கும்போதும் கூட நிற்கட்டும். போன வருடம் ஓசன்னா பாடி ஆட்டிய ஓலைதான் இந்த வருடம் நெற்றியில் சாம்பலாக விழுகிறது என்பதை மறைக்கல்வி வகுப்பில் பத்துத் தடவை சொன்னாலும் பாதிதான் ஏறும், கையில் கரி ஒட்டினால் மறக்காது. குடும்ப ஜெபத்தையும் பாதியாகக் குறையுங்கள். நீண்ட ஜெபம் நமக்கு ஆறுதல், அந்த வயதுக்குப் பாரம். ஒரு வாசகம், பெயர் சொல்லி இரண்டு மன்றாட்டு, ஒரு பரலோக மந்திரம் போதும். நடத்துவது ஒருநாள் அவனாக இருக்கட்டும்.

இப்போது மூத்தவன். "நடிக்கச் சொல்றீங்களா" என்று அவன் கேட்டது எனக்கு நல்ல கேள்வியாகப் படுகிறது. பொய் சொல்லி வந்து உட்கார மாட்டேன் என்கிறான். அதை நீங்கள் வளர்த்த வளர்ப்பின் தோல்வியாக ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பை நினைத்துப் பாருங்கள். நம்புகிறீர்களா என்று குரு கேட்க, மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நம்புகிறேன் என்கிறோம். ஞானஸ்நானத்துக்குக் கைக்குழந்தையாக அவனை ஏந்தி நின்றபோது அதே கேள்விக்கு நீங்களும் ஞானப்பெற்றோரும் பதில் சொன்னீர்கள். ஒவ்வொரு வருடமும் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்பதே, சொல்கிறவன் சொந்த வாயால் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். அவன் அந்தக் கேள்வியை இப்போதுதான் நிஜமாகவே கேட்டிருக்கிறான். அதற்கும் நீங்களே பதில் சொல்லிவிட முடியாது.

இன்னொன்று. உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறன்று மூன்றாண்டுச் சுற்றில் எந்த வருடமும் மாறாமல் ஒரே நற்செய்திப் பகுதிதான்: உயிர்த்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற சீடர் தோமாவைப் பற்றி யோவான் எழுதியது. சந்தேகம் நமது ஆண்டுக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் பெருவிழா முடிந்த எட்டாம் நாளே. அந்தப் பகுதியில் எல்லோரும் காயத்தைத் தொடுவதைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அதற்கு முந்தின எட்டு நாள்தான் பெரிதாகத் தெரிகிறது. நம்பியவர்கள் பத்துப் பேர், நம்ப மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவன் ஒருவன். எட்டு நாள் கழித்து ஆண்டவர் வரும்போது அவன் அவர்களோடுதான் உள்ளே இருக்கிறான். அவர்கள் அவனை வெளியே அனுப்பவில்லை, அவனும் கிளம்பிப் போகவில்லை. அந்த எட்டு நாளும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யோவான் எழுதவில்லை. சேர்ந்து சாப்பிட்டிருப்பார்கள், அவ்வளவுதான் என்றே நான் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் வீடு அந்த எட்டு நாளில் இருக்கிறது.

அதனால் ஞாயிறுதோறும் அவனை இழுக்காதீர்கள். வருடத்தில் ஓர் இரவுக்கு மட்டும் கூப்பிடுங்கள், புனித வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழன் இரவுக்கு. பூசை முடிந்து நற்கருணையை வேறு இடத்துக்குக் கொண்டுபோய், பீடத்தின் விரிப்பையெல்லாம் எடுத்துவிட்ட பிறகு நள்ளிரவு வரை மக்கள் வந்து உட்காருவார்களே, அதற்கு. ஜெபம் சொல்ல வேண்டாம், பாட வேண்டாம், யாரும் அவனைக் கவனிக்கப் போவதில்லை, எனவே நடிக்க வேண்டியதுமில்லை. ஒரு மணி நேரம் என்னோடு விழித்திருக்க முடியாதா என்று இயேசு கேட்ட இரவு அது. வருகிறாயா என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். வரவில்லை என்றால் நீங்கள் போங்கள். நீங்கள் போவது முக்கியம். பிள்ளைகளுக்காகத்தான் அப்பா அம்மா இதையெல்லாம் செய்தார்கள் என்று அவனுக்குத் தோன்றிவிட்டால், பிள்ளைப் பருவத்தோடு அதையும் கழற்றிப் போட்டுவிடுவான்.

உங்கள் நிலையில் இருக்கும் தாய்மாருக்கு எல்லோரும் மகனுக்காகப் பல வருடம் அழுது மன்றாடிய புனித மோனிக்கம்மாளைத்தான் சொல்வார்கள். மகன் அகுஸ்தீன் 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் மிலானில் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு 32 வயது. அதே ஆண்டில் அம்மா இறந்துபோனார். ஆகஸ்ட் 27 அம்மாவின் திருநாள், 28 மகனுடையது. அந்த அம்மாவிடம் நீங்கள் தாராளமாக மன்றாடுங்கள். ஆனால் அந்தக் கதையை உங்கள் மகனிடம் சொல்லாதீர்கள். உனக்காக அழுதுகொண்டே இருக்கிறேன் என்று சொல்வதாகத்தான் அவன் காதில் விழும், வீட்டுக்கு வரவே கனமாகிவிடும்.

உங்கள் கணவரிடம் கொலோசெயர் மூன்றாம் அதிகாரத்தைக் காட்டுங்கள். பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனம் நமக்கெல்லாம் மனப்பாடம். அடுத்த வசனமே அப்பாக்களுக்கு: பிள்ளைகளை எரிச்சலூட்டாதீர்கள், மனம் தளர்ந்துபோவார்கள் என்கிறார் பவுல். மனம் தளர்வது என்ற வார்த்தையை அவர் கொஞ்சம் நின்று படிக்கட்டும்.

கடைசியாக, இவ்வளவு பெரிய கடிதத்தில் சின்னவளைப் பற்றி ஒன்றிரண்டு வரிதான் இருக்கிறது. கடைசிப் பிள்ளைகளுக்கு இது நடந்துவிடுகிறது. மூத்தவர்களுக்கு முழு வருடமும் கிடைத்திருக்கும், கடைசிக்கு அண்ணன்கள் சலித்துப் போட்ட மீதிதான் கிடைக்கும். அவளுக்கு 8 வயது, டிசம்பர் முழுக்க அவளுடையது. பெட்டியைத் திறந்து ஆடு மாடுகளைக் காகிதத்திலிருந்து அவளே பிரித்து எடுக்கட்டும், காலொடிந்த ஆடு இருந்தால் எதன்மேல் சாய்த்து வைப்பது என்று அவளே முடிவு செய்யட்டும். குடிலுக்கு விளக்கு இழுக்கவோ கூரையைக் கட்டவோ பெரியவனைக் கூப்பிடச் சொல்லுங்கள், நீங்கள் கூப்பிட வேண்டாம். தங்கைக்காக வருவான் என்றுதான் நினைக்கிறேன். வந்தால் அதை வைத்து அவனிடம் ஒரு வார்த்தை பேசாதீர்கள். சாமி கும்பிடத் தொடங்கிவிட்டான் என்று கணவரிடமும் சொல்லாதீர்கள். ஏணி வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்