தம்பிக்கு வில்சன் நோய், பெற்றோருக்கு இல்லை; எனக்கு வருமா?

உறவில் திருமணம் செய்யாத, நலமாக வாழும் பெற்றோரின் பிள்ளைக்கு வில்சன் நோய் எப்படி வந்தது, தம்பிக்கு வந்தது தங்களுக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். பினாங்கில் இதே நோயுள்ள தங்கைக்கு அண்ணன் என்ற முறையில் அறிந்ததை எழுதுகிறேன்.

1912இல் லண்டன் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன் விவரித்த இந்நோய்க்குக் காரணம், 13ஆவது குரோமோசோமில் உள்ள ஏ.டி.பி.7பி என்னும் மரபணு என்பது 1993இல்தான் தெரியவந்தது. உணவில் வரும் செம்பில் மிகுதியானதைக் கல்லீரல் பித்தநீரில் சேர்த்து வெளியேற்றுவதற்கு இம்மரபணு உருவாக்கும் புரதம் தேவை. அது பழுதுபட்டால் செம்பு கல்லீரலிலும், பின்னர் மூளையிலும் கருவிழியின் ஓரத்திலும் படிகிறது.

தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் மரபணுவின் இரு படிகளில் (நகல்களில்) ஒன்று நன்றாக இருந்தாலே போதும் என்பதால் பெற்றோருக்கு நோய் இல்லை. இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பழுதான படி தம்பிக்குச் சேர்ந்துவிட்டது. “சொந்தத்தில் கட்டினால்தானே இப்படி ஆகும்” என்று எங்கள் உறவினர்களும் சொன்னார்கள். அத்தை மகனையோ தாய்மாமனையோ மணந்தால் ஒரே பிறழ்வு (மரபணுவைப் பழுதாக்கும் மாற்றம்) இருபுறமிருந்தும் வந்து சேரும் வாய்ப்புக் கூடும் என்பது உண்மைதான். ஆனால் இம்மரபணுவில் 500க்கும் மேற்பட்ட பிறழ்வுகள் அறியப்பட்டுள்ளன. என் தங்கையைப் போலவே, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து வேறொன்றும் பெற்ற நோயாளிகள் பலர். கிழக்காசியரிடம் புரதத்தின் 778ஆவது இடத்திலுள்ள ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் லியூசின் என்னும் வேறோர் அமினோ அமிலமாக மாறும் பிறழ்வு மிகுதி. இந்திய வம்சாவளியினரிடம் அப்படி ஒன்றே ஓங்கி நிற்பதில்லை. ஆகவே, பரவலான சில பிறழ்வுகளை மட்டும் தேடும் சோதனையில் எதுவும் தென்படாவிட்டாலும், நம்மவர்கள் அதை நம்பி நிம்மதியடைய இயலாது.

உங்களுக்கு இரு படிகளும் பழுதாக இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரு படி மட்டும் பழுதாயின் சிகிச்சை தேவையில்லை. இரண்டும் பழுதாயின், அறிகுறியே இல்லாவிட்டாலும் சிகிச்சையைத் தொடங்கி வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். ஒரே பிறழ்வுகளைப் பெற்ற உடன்பிறப்புகளிலும் ஒருவருக்கு ஈரல் கெடலாம், மற்றவருக்குக் கை நடுங்கிப் பேச்சுக் குழறலாம். எனவே “அறிகுறி வரட்டும், பார்க்கலாம்” என்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். உடலில் சேர்ந்த செம்பைச் சிறுநீரில் வெளியேற்றப் பெனிசிலமினும், குடலில் செம்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கத் துத்தநாகமும் தரப்படுகின்றன. (சார் குவே தியாவ் என்னும் வறுத்த நூடுல்ஸில், செம்புக்காகத் தவிர்க்கச் சொல்லும் சிப்பி வகையான கெராங் வேண்டாம் என்று தங்கை சொல்லிவிடுகிறாள், ஆனால் பத்தியம் மருந்துக்கு ஈடாகாது.)

இரத்தத்தில் செம்பைச் சுமக்கும், இந்நோயில் பெரும்பாலும் குறையும் புரதமான செருலோபிளாஸ்மினின் அளவு, ஒரு படி மட்டும் பழுதானவர்களிடமும் குறைவாக இருக்கக்கூடும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். தம்பியின் மரபணு அறிக்கையை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அதில் குறித்துள்ள இரு பிறழ்வுகளை மட்டும் உங்களிடம் தேடினால் போதும்.