ஓஷ் நகரத்து மதரஸாக்கள்

ஐயா,
என் மகள் கிர்கிஸ்தானில் ஓஷ் நகரில் மருத்துவம் படிக்கிறாள். விடுதிக்குப் பக்கத்திலேயே ஒரு மதரஸா இருக்கிறதாம். பெண்பிள்ளைகள் முக்காடிட்டுக் கூட்டமாகப் போகிறார்களாம். எழுபது வருஷம் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த நாட்டில் இது எப்படி வந்தது? எல்லாம் வெளிநாட்டுப் பணம் என்கிறார்களே, உண்மையா?
ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

வெளிநாட்டுப் பணம் வந்தது உண்மைதான். 1991 ஆகஸ்டில் சுதந்திரம் கிடைத்தபோது நாடு முழுக்கக் கணக்கில் இருந்தவை 39 பள்ளிவாசல்கள். இன்று இரண்டாயிரத்துக்கும் மேல். பலவற்றுக்கு வளைகுடா நன்கொடை உண்டு. ஓஷ் அரசுப் பல்கலைக்கழகத்தில் 1993இல் இறையியல் துறை தொடங்கியதும் துருக்கியின் உதவியோடுதான். ஆனால் பிள்ளைகளை ஓத அனுப்பும் ஆசை பணத்தோடு வந்து இறங்கியதில்லை. அது அங்கேயே இருந்தது.

சோவியத் காலத்தின் பிற்பகுதியில் மத்திய ஆசியா முழுமைக்கும் அனுமதி பெற்று நடந்தவை இரண்டே: புகாராவின் மீர் அரபு மதரஸா, தாஷ்கண்டின் இமாம் புகாரி கல்லூரி. இரண்டும் உஸ்பெகிஸ்தானில். கிர்கிஸ் மலைக்கிராமத்துப் பையனுக்கு அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இதைவிடப் பெரிய அடி எழுத்தில் விழுந்தது. 1920களின் இறுதியில் அரபு எழுத்து போய் லத்தீன் வந்தது. 1940இல் அதுவும் போய் ரஷ்ய எழுத்து வந்தது. தாத்தாவின் பெட்டியில் கிடந்த குர்ஆனைப் பேரனால் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியவில்லை.

அப்படியும் ஓதும் வழக்கம் அறுந்துவிடவில்லை. ஊர் மோல்தோ, அதாவது முல்லா, இறந்தவர்களின் ஜனாஸாவுக்கு ஓதினார். ஓஷ் நகரம் இருக்கும் ஃபெர்கானா பள்ளத்தாக்கில் பெரியவர்கள் வீட்டு அறையில் ரகசியமாகப் பாடம் நடத்தினார்கள். அங்கே பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆத்தின்சாக்களும் இருந்தார்கள். வியாழன், வெள்ளிகளில் பாட்டிகள் எண்ணெய் காயவைத்து ஏழு ரொட்டி சுட்டார்கள். அந்த மணம் இறந்துபோன முன்னோர்களைப் போய்ச் சேரும் என்று நம்பி, தெரிந்த குர்ஆன் சூராவை ஓதினார்கள். பலருக்குக் கிடைத்த மார்க்கக் கல்வி அவ்வளவுதான்.

எனவே 91க்குப் பிறகு எல்லாரும் அரபின் முதல் எழுத்தான அலிஃபிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. நூறு வருஷத்துக்கு முன் கசான் நகரத்து அறிஞர் எழுதிய ‘முஅல்லிம் ஸானி’ அரிச்சுவடி மறுபடி கைகளுக்கு வந்தது. அப்புறம் இளைஞர்கள் எகிப்து, துருக்கி, சவூதி, பாகிஸ்தான் என்று படிக்கப் போனார்கள். திரும்பி வந்தவர்களில் சிலர் பாட்டியின் ரொட்டியைப் பார்த்து ‘இது பித்அத்’, மார்க்கத்தில் இல்லாத புதுவழக்கம், என்றார்கள். அந்த நாட்டின் மார்க்கச் சண்டைகளில் எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். எல்லாம் தடைசெய்யப்பட்ட காலத்தில் நம்பிக்கையை அடுப்படியில் காப்பாற்றி வைத்திருந்தவள் அவள். அவளுக்கே பாடம் எடுப்பவர்கள் கொஞ்சம் பணிவோடு பேசியிருக்கலாம்.

அரசு இந்த விஷயத்தில் நெடுநாள் ஒதுங்கியே நின்றது. 2014 முதல் இமாம்களுக்குத் தேர்வு வைத்தார்கள், உதவித்தொகை கொடுத்தார்கள். பள்ளிகளில் மதங்களின் வரலாற்றைப் பாடமாகவும் சோதித்துப் பார்த்தார்கள். யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்ற கவலை இதில் தெரிகிறது. படித்து முடித்த பிள்ளை என்ன செய்யும் என்ற கவலை அந்த அளவுக்குத் தெரியவில்லை.

என் கவலை அதுதான். மதரஸாக்கள் நூறைத் தாண்டிவிட்டன. அவற்றைப் பதிவுசெய்வது அரசின் மத விவகார அமைப்பு. கல்வி அமைச்சகம் பெரும்பாலும் அந்தச் சான்றிதழை ஏற்பதில்லை. கட்டாயக் கல்வி மேல்நிலை வகுப்புகளுக்கு முன்பே முடிகிறது. அதோடு மதரஸாவில் சேரும் பெண் வருஷக்கணக்கில் ஓதி முடித்தாலும், அந்தச் சான்றிதழைக் காட்டி நர்சிங் படிக்கச் சேரமுடியாது. குர்ஆனோடு கணக்கும் வேதியியலும் கிர்கிஸ் இலக்கியமும் அதே கூரையின் கீழ் சொல்லிக்கொடுத்து, அரசு ஏற்கும் சான்றிதழும் தந்தால், பெற்றோர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டிய நெருக்கடி இருக்காது. அப்படிச் சில முயற்சிகள் தொடங்கியிருக்கின்றன. இன்னும் நிறைய வேண்டும்.

உங்கள் மகளுக்கு அந்தப் பெண்களோடு பேச வாய்த்தால், எந்த வகுப்பு வரை படித்தார்கள், மேலே என்ன படிக்க ஆசை என்று கேட்கச் சொல்லுங்கள். அவள் டாக்டருக்குப் படிக்கிறவள் என்று தெரிந்தால் அவர்களும் அவளிடம் நிறையக் கேட்பார்கள்.