பாரம்பரியக் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போதே பக்கத்தில் ஆபரேஷன் தியேட்டர் பிளாக் கட்டலாமா?

கட்டலாம். புதுக் கட்டடத்துக்கும் ஆர்ச் வைக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், உயரம் பழையதை அமுக்காமல் இருந்தால் போதும். மருத்துவமனைக் கட்டட வடிவமைப்பில் இருக்கிறேன். முகப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் தூசியைப் பற்றிக் கேட்பதே இல்லை. முதலில் அதைப் பாருங்கள்.

நூறு வருஷத்துப் பூச்சைக் கொத்தும்போதும், ஓதம் ஏறிய சுவரைப் பிரிக்கும்போதும் ஆஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் காற்றில் கிளம்பும். நல்ல உடம்புக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளியின் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. 'தியேட்டரை முதலில் திறப்போம், பழையதை அப்புறம் நிதானமாகப் பார்ப்போம்' என்று நிர்வாகம் சொல்லும் (வருமானம் அங்கேதானே). ஒத்துக்கொள்ளாதீர்கள். இடிப்பும் கொத்து வேலையும் முடிந்த பிறகே தியேட்டர் ஓட வேண்டும். வேறு வழியே இல்லையென்றால், வேலை நடக்கும் பகுதியைத் தரையிலிருந்து கூரைவரை அடைத்து, தூசி வெளியே கசியாதபடி உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து வையுங்கள். தியேட்டருக்கு வெளிக்காற்று இழுக்கும் வாய் பழைய கட்டடத்தின் பக்கமே திரும்பியிருக்கக் கூடாது.

பழைய கட்டடத்துக்குள்ளேயே தியேட்டரை வைத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். உயரமான கூரை, தடிச் சுவர், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சென்னைப் பக்கம் அந்தக் காலத்து மேல்தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி அடுக்கிய சின்னச் செங்கல், அதற்கும் மேல் செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்புக் காரை, பிறகு தட்டோடு. தியேட்டரில் மணிக்கு 20 முறையாவது காற்று மாற வேண்டும். அதற்கான ஏஹெச்யூ (காற்றைக் குளிர்வித்துத் தள்ளும் இயந்திரம்), டக்ட் (காற்று போகும் குழாய்), ஹெப்பா ஃபில்டர் (நுண்தூசியைப் பிடிக்கும் வடிகட்டி), கூரையிலிருந்து தொங்கும் விளக்கு என்று இத்தனை பாரத்தையும் அந்தக் கட்டைகளை நம்பி ஏற்ற எந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் கையெழுத்துப் போட மாட்டார். சுவரும் ஒத்துவராது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் தியேட்டர் சுவருக்கு அடிக்கும் எபாக்ஸியை (ஈரம் புகாத பிசின் பூச்சு) அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பிக்கொண்டு வந்துவிடும். ஓபி, ஆபீஸ், ரெக்கார்டு ரூம் இவற்றைப் பழையதில் வையுங்கள்.

பார்சிலோனாவின் சாந்த் பாவ் மருத்துவமனையைப் பாருங்கள். தொமெனெக் இ மொந்தனேர் வடிவமைத்தது. 1902-இல் தொடங்கி 1930-இல் முடிந்தது. அறுவை சிகிச்சைக்கென்றே நடுவில் தனிக் கட்டடம், வடக்கு வெளிச்சத்துக்குப் பெரிய கண்ணாடி, கட்டடங்களை இணைக்கச் சுரங்கப்பாதைகள். இவ்வளவு யோசித்துக் கட்டியும், 2009-இல் அதே வளாகத்தின் ஓரத்தில் எழுந்த புதுக் கட்டடத்துக்குத்தான் மருத்துவமனை மாறியது. பழையவற்றைப் புதுப்பித்து 2014-இல் மக்கள் பார்க்கத் திறந்தார்கள்.

அப்புறம், இரண்டும் சேரும் இடம். தியேட்டர் பிளாக்கில் தளத்துக்குத் தளம் சுமார் 4.5 மீட்டர் வேண்டும். பழைய தளங்கள் அதற்கு ஒத்துவராது. 45 செ.மீ. வித்தியாசம் என்றாலே 1:12 சரிவில் 5.4 மீட்டர் ராம்ப். மயக்கம் தெளியாத நோயாளியை ஸ்ட்ரெச்சரில் அதில் தள்ளிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். எல்லாத் தளங்களையும் இணைக்கப் போராடாமல், நோயாளி போகும் ஒரு தளத்தை மட்டும் மட்டம் சேர்த்துவிடுங்கள்.

புதுக் கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு அடித்து இறக்கும் பைல் (மண்ணுக்குள் ஆழமாகப் போகும் தூண்) வேண்டாம், அந்த அதிர்வு பழைய சுவருக்கு ஆகாது. துளையிட்டு வார்க்கும் பைல் போடுங்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே பழைய சுவரின் ஒவ்வொரு விரிசலுக்கும் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிப் படம் எடுத்து வையுங்கள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். 'இது முன்னாடியே இருந்த விரிசல் சார்' என்று காண்டிராக்டர் சொல்லும்போது அந்தப் படத்தைக் காட்டலாம்.