அம்மா கையெழுத்துப் போட்ட அந்தத் தாள்

கேள்வி: கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், வயது 23. முதியோர் பராமரிப்புப் பயிற்சி இலவசம் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆறு மாதம் பயிற்சி, பிறகு 24 மாதம் அவர்களுடைய முதியோர் இல்லத்தில் வேலை, இடையில் விட்டால் மூன்றரை இலட்சம் ரூபா கட்ட வேண்டும் என்று பொண்ட். பயிற்சி முடிந்து வேலையில் 14 மாதம் தாக்குப்பிடித்தேன். இரவில் 11 பேருக்கு நான் ஒருத்தி. மேட்ரன் எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேசுவார், போனைப் பறித்து வைப்பார். சம்பளம் 18,000. தருவதாகச் சொன்ன என்.வி.கியூ. (தேசியத் தொழில் தகைமை) 3 மதிப்பீடு நடக்கவேயில்லை. விட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது 14 நாளில் பணம் கட்டச் சொல்லிச் சட்டத்தரணியின் கடிதம் வந்திருக்கிறது. என் ஓ.எல்., ஏ.எல். சான்றிதழ்களும் அவர்களிடம்தான். ஜப்பான் போகப் படிக்கிறேன், கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே நிறுத்துவோம் என்று மிரட்டுகிறார்கள். நான் பட்ட அவமானத்துக்கு நட்டஈடு கேட்டு வழக்குப் போட முடியுமா?

பதில்: உங்கள் கடிதம் எட்டுப் பக்கம். அதில் ஆறு பக்கம் மேட்ரனுக்கு. அவர் செய்தது சரியென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் புதுக்கடை நீதிமன்றத்தில் அந்த ஆறு பக்கத்தையும் உட்கார்ந்து வாசிக்க ஆளில்லை. அவமானத்துக்கு நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், தீர்ப்பு வருகிற நேரத்தில் உங்களுக்கே ஒரு பராமரிப்பாளர் தேவைப்படும். அதை விடுங்கள்.

எனக்கு வேண்டியது ஏழாம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: “சேரும்போது அம்மாவும் அண்ணாவும் ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள், அதில் தொகைகூட எழுதவில்லை.” நீங்கள் அனுப்பிய, சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாம் பந்தியில் இருக்கிறது, 350,000 ரூபாவுக்கான புரோநோட், அதாவது இந்தத் தொகையைக் கட்டுவேன் என்ற கடனுறுதிச் சீட்டு. அம்மாவும் அண்ணாவும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு, முழுத் தொகையையும் இருவரில் யாரிடமும் கேட்கலாம். உங்கள் விஷயத்தில் சட்டம் பார்க்கப் போவது இந்தத் தாளைத்தான்.

பொண்ட் வேறு, புரோநோட் வேறு. பொண்டை வைத்து உங்கள்மீது வழக்குப் போட்டால் நீங்கள் பதிலுக்குப் பேசலாம். தண்டத் தொகை அளவுக்கு மீறியது, அவர்களுக்கு உண்மையில் இவ்வளவு நட்டம் இல்லை என்று வாதாட இடமிருக்கிறது. (அதையும் பெரிதாக நம்ப வேண்டாம். வெப்ஸ்டர் எதிர் பொசன்கே என்று நம் நாட்டுத் தேயிலை வழக்கு ஒன்று 1912இல் லண்டனில் அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போனது. தொகைக்கு என்ன பெயர் வைத்தாலும் அது நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும் என்றார்கள். பார்த்துவிட்டு, அந்த வழக்கில் முழுத் தொகையையும் கட்டச் சொன்னார்கள்.) புரோநோட்டில் அந்தப் பேச்சுக்கே சுலபத்தில் இடம் கிடைக்காது. அது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் சுருக்க நடைமுறையில் வரும். வழக்காடவே முதலில் நீதிமன்றத்திடம் அனுமதி வாங்க வேண்டும். சத்தியக் கடதாசி போட்டு, நிற்கக்கூடிய எதிர்வாதம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டினாலும் பணத்தையோ பிணையையோ கட்டிவிட்டுப் பேசு என்று சொல்லலாம். அனுமதி கேட்காமல் விட்டால் நேரே தீர்ப்புத்தான்.

“தொகை எழுதாத வெறும் தாள்தானே” என்று எல்லோரும் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுத் தாளை, பேசிய பேச்சுக்கு ஏற்ப நிரப்பிக்கொள்ள மாற்றுண்டியல் கட்டளைச் சட்டமே இடம் கொடுக்கிறது. பேசியதற்கு மேலாக நிரப்பினார்கள் என்று காட்ட வேண்டியது உங்கள் பக்கம். பொண்டில் மூன்றரை, புரோநோட்டிலும் மூன்றரை. ஐந்து என்று நிரப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்திருக்கும்.

இனி நான் பயப்படுவதைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் தெமட்டகொடையிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்கு இதே மாதிரிப் பயிற்சி, இதே மாதிரித் தாள். மகள் அதற்குள் வெளிநாடு போய்விட்டாள். அழைப்பாணை சிங்களத்தில் வந்திருக்கிறது, அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மகளுடைய விஷயம், மகள் வந்து பார்த்துக்கொள்வாள் என்று அதை நான்காக மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். என்னிடம் கொண்டுவந்தபோது ஊதுபத்திச் சாம்பலும் குங்குமமும் ஒட்டியிருந்தன. அதற்குள் தீர்ப்பு எழுதி, பிஸ்கல் (தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலர்) வீட்டுக்கு வந்து பொருட்களைக் கணக்கெடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தத் தீர்ப்பை நீக்கச் சொல்லிக் கேட்க விசேட காரணம் வேண்டும். மொழி தெரியவில்லை, மகளுடைய கடன் என்று நினைத்தேன் என்பதெல்லாம் அன்று எடுபடவில்லை. கடைசியில் முழுத் தொகை, வட்டி, வழக்குச் செலவு. மகளின் ஒரு வருடச் சேமிப்பு அதோடு போனது.

உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கப் போகிறது. கட்டுநாயக்கவில் உங்களை நிறுத்துவதென்றால் நீதிமன்ற உத்தரவு வேண்டும், அந்த நிறுவனத்தின் வாய்ப்பேச்சு போதாது. ஆகவே நீங்கள் போய்விடலாம், போகவும் போவீர்கள். அம்மாவும் அண்ணாவும் கொட்டாஞ்சேனையில் இருப்பார்கள். புரோநோட்டுக்கு ஆறு வருடம் ஆயுள் உண்டு, மறந்துபோவார்கள் என்று கணக்குப் போட வேண்டாம். அது கைமாறவும் கூடும். நல்லெண்ணத்தில் காசு கொடுத்து வாங்கிய ஒருவரிடம் மேட்ரன் கதை எடுபடாது.

இந்தத் தொகைக்கு விஷயம் முதலில், வழக்குக்கு முன் இணக்கம் பேசும் மத்தியஸ்த சபைக்குத்தான் வரும். அங்கே நான் வந்து பேச முடியாது, அம்மாவும் அண்ணாவும்தான் போக வேண்டும். போகாமல் இருந்தால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டு அவர்கள் நேரே நீதிமன்றத்துக்குப் போவார்கள். போனாலும் சபையில் இருப்பவர்களின் முகத்துக்காக முழுத் தொகைக்கும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல் இருக்க வேண்டும். அண்ணாவிடமும் சொல்லுங்கள்: “கொஞ்சம் டைம் குடுங்க சேர், கட்டித் தாறேன்” என்று வட்ஸப்பில் ஒரு வரிகூட அனுப்பக் கூடாது. 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு அதுவும் கடனை ஒப்புக்கொண்ட எழுத்துத்தான்.

நேராகவே சொல்கிறேன், பேசி முடியுங்கள். 24 மாதத்தில் 10 மாதம் மிச்சம். விகிதப்படி பார்த்தால் 145,833 ரூபா வருகிறது. ஒரு இலட்சத்தில் ஆரம்பித்து, தவணையாகக் கட்டுவதாகச் சொல்லி, இந்தத் தொகைக்குள் முடிக்கப் பாருங்கள். இறங்கி வருவார்களா என்றால், வருவார்கள், அவர்களுக்கும் பயம் இருக்கிறது. 14 மாதம் ஆள் வேலை வாங்கிவிட்டுப் பயிலுனர் என்று பெயர் வைத்து 18,000 கொடுத்திருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின் கீழ் மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகிவிட்டது. ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்கள் கட்ட வேண்டிய 12 வீதம் கட்டப்பட்டதா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை, மேட்ரனின் சேலை நிறம்கூட இருக்கிறது. நாரஹேன்பிட்டவில் தொழில் திணைக்களத்துக்கு இது ஒரு நாள் வேலை. அதோடு என்.வி.கியூ. மதிப்பீடு. அதைத் தருவதாகத்தான் பொண்ட் வாங்கினார்கள், தரவில்லை. வழக்காட அனுமதி கேட்க நேர்ந்தால் உங்கள் அம்மாவின் சத்தியக் கடதாசியில் முதலில் வரப்போவது இதுதான். அந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் இந்தப் பாடநெறிக்குப் பதிவானதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பேரம் இன்னும் இறங்கும்.

பணம் கொடுக்கும் நாளில் பலர் கோட்டைவிடுகிறார்கள். ரசீது வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள், புரோநோட் அவர்களுடைய பைலிலேயே கிடக்கும். ரசீதை நம்பி வராதீர்கள். அசல் புரோநோட், போட்டோ பிரதியல்ல, அம்மா நீல மையில் கையெழுத்துப் போட்ட அதே தாள், கடைசித் தவணையும் அதுவும் ஒரே மேசையில் கைமாற வேண்டும். வாங்கி, படம் எடுத்து, அங்கேயே கிழியுங்கள். தவணைக் காலத்தில் அவர்களிடம் இருக்க வேண்டுமென்றால், கட்டக் கட்டத் தொகை குறைகிறது என்று புரோநோட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். “சொந்த விருப்பத்தில் விலகினேன்” என்று ஒரு கடிதம் நீட்டுவார்கள், அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சான்றிதழ்களுக்காகப் பேரத்தில் ஒரு ரூபாகூட ஏற்ற வேண்டாம். பெலவத்தையில் பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றுச் சான்றிதழ் எடுக்கலாம். என்.வி.கியூ.வுக்கும் அவர்கள் தேவையில்லை, நைட்டாவில் (தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை) முன் அனுபவத்தை வைத்து மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. 14 மாதம் இரண்டு மணிக்கொரு தடவை ஆட்களைத் திருப்பிப் படுக்க வைத்த கைக்கு அது பெரிய காரியமில்லை. ஜப்பானின் குறித்த திறன் வேலை விசாவுக்குத் தகுதி காட்ட, பராமரிப்புத் திறன், பராமரிப்புக்கான ஜப்பான் மொழி, அடிப்படை ஜப்பான் மொழி என்ற அந்த மூன்று பரீட்சைகளும் சித்தியானால் போதும். ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன் இந்த விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

கடிதத்தில் திகதி 3 என்று இருக்கிறது, 14 நாள் 17உடன் முடிகிறது. இன்றிரவே அம்மாவிடம் கேளுங்கள், அன்றைக்கு அந்த மேசையில் ஒரே ஒரு தாளில்தான் கையெழுத்துப் போட்டாரா, இரண்டிலா?