8 வயது மகளுக்கு மைனஸ் 1.50: கண்ணாடி போட்டால் பவர் ஏறுமா?

போடுங்கள். டொக்டர் எழுதித் தந்த பவரைக் குறைக்காமல் அப்படியே போடுங்கள்.

மகளுக்கு 8 வயதில் மைனஸ் 1.50 வந்திருக்கிறது, கண்ணாடி பழகினால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்று மாமி தடுக்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நான் டொக்டர் இல்லை. மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிறேன், என் மகனும் ஏறக்குறைய இதே வயதில்தான் கண்ணாடி போட்டான். எங்கள் வீட்டிலும் அம்மம்மா, "இந்த வயசில கண்ணாடியா? பொன்னாங்காணிச் சுண்டல் குடு, மறுகா பாரு" என்றுதான் நின்றார்.

கீரை நல்லது, கொடுங்கள். ஆனால் மைனஸ் பவர், அதாவது கிட்டப்பார்வை, சத்துக் குறைவால் வருவதில்லை. விழிக்கோளம் அளவுக்கு மீறி நீண்டு வளர்வதால் தூரத்துப் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. பிள்ளை வளரும் காலமெல்லாம் அது நீளக்கூடும், பவரும் ஏறும். கண்ணாடி போட்ட பிறகு ஏறுவதால் பழி கண்ணாடிமேல் விழுகிறது. 2002 இல் வெளியான ஒரு மலேசிய ஆய்வில் சில பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கொடுத்து 2 வருடம் பார்த்தார்கள். கூடுதலாக ஏறியது அவர்களுக்குத்தான். இதை மாமிக்கும் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் உறுதி செய்யுங்கள்: கண்ணைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுத்தான் பார்த்தார்களா? சின்னப் பிள்ளைகள் தங்களை அறியாமலே கண்ணை இறுக்கிக் குவிப்பார்கள், அப்போது மெஷின், உண்மையில் இல்லாத மைனஸையும் காட்டும். கடையில் மெஷினால் மட்டும் பார்த்திருந்தால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் கண் கிளினிக்கில் ஒருமுறை காட்டுங்கள். சொட்டு விட்ட பிறகு ஒரு நாள்போலக் கிட்டத்து எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். தவணைப் பரீட்சைக்கு முதல்நாள் கொண்டு போகாதீர்கள்.

மகளுக்குத் தம்பி இருக்கிறான், 5 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவனைப் பற்றித்தான் கூடுதல் அக்கறை. பகல் வெளிச்சத்தில் வெளியே இருப்பது, கிட்டப்பார்வை இன்னும் வராத பிள்ளைக்குத்தான் அதிகம் உதவும். வந்துவிட்ட பிள்ளைக்குப் பயன் குறைவு, ஆனாலும் விடக்கூடாது. சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் தரப் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே நாளுக்கு 40 நிமிடம் வெளியில் இருக்கும் வகுப்பைக் கூட்டினார்கள். 3 வருடத்தில் அவர்களில் 100க்கு 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் நடந்த பாடசாலைகளில் 100க்கு ஏறக்குறைய 40 பேருக்கு வந்தது. தைவான் 2010 முதல் பிள்ளைகளை நாளுக்கு 2 மணித்தியாலம் வெளியே வைத்திருக்கச் சொல்லி வருகிறது. ஓடி விளையாடத்தான் வேண்டும் என்றில்லை, வெளிச்சம்தான் முக்கியம். மர நிழலில் இருந்தால்கூட வீட்டுக்குள் கிடைப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் கண்ணுக்குக் கிடைக்கும். நடுப்பகல் வெயிலில் பிள்ளையை வாட்ட வேண்டாம்.

எங்கள் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? நேரத்துக்குத்தான் பஞ்சம். பாடசாலை 1.30க்கு விடுகிறது. சோறு தின்றதும் தின்னாததுமாய் ரியூசன். அது முடிந்து வெளியே வரும்போது பொழுதுபட்டுவிடும், பிறகு வீட்டுவேலை, அதற்குப் பிறகு போன். புலமைப்பரிசில் பரீட்சை தரம் 5 இல்தான், ஆனால் தரம் 3 பிள்ளையின் பின்னேரத்தையும் அது தின்றுவிடுகிறது. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. நாங்கள் கிழமை நாளில் இருந்த ஒரு வகுப்பை நிறுத்தி, இன்னொன்றைப் பொழுதுபட்ட பிறகு வரும்படி மாற்றினோம். அந்த 4 மணி தொடக்கம் 6 மணி வரையிலான நேரம் இப்போது கடற்கரைக்கு, அல்லது வளவுக்கு. கார்த்திகை, மார்கழி மழையில் இது சரிவராது, அந்த நாட்களில் மழை விட்ட நேரம் பார்த்துத்தான் அனுப்புவோம். புத்தகத்தையும் போனையும் ஒரு முழத்துக்குக் கிட்டக் கொண்டுவர விடாதீர்கள். போனைவிட அந்தத் தூரமும், விடாமல் பார்க்கும் நேரமும்தான் என் கவலை.

அடுத்தது, டொக்டரிடம் நீங்களாகவே கேட்க வேண்டியது. ஏறும் வேகத்தைக் குறைக்கக் குறைந்த செறிவு அத்ரோபின் சொட்டு இருக்கிறது. ஹொங்கொங்கில் 0.05, 0.025, 0.01 சதவீதம் மூன்றையும் ஒப்பிட்டதில் 0.05 தான் கூடுதலாக வேலை செய்தது. பாமசியில் வழக்கமாக உள்ளது 1 சதவீதம், பல மடங்கு கடுமையானது, நீங்களாக வாங்கி விடவே கூடாது. ஓரங்களில் நுண்ணிய வில்லைகள் பதித்த சிறப்புக் கண்ணாடிகளும் வந்திருக்கின்றன, விலை கூட. 8 வயது என்பது சின்ன வயது, பவர் நிற்பதற்கு இன்னும் பல வருடம் கிடக்கிறது. மைனஸ் 6ஐத் தாண்டினால் பிற்காலத்தில் விழித்திரை கழரும் ஆபத்துக் கூடும், அதனால்தான் இப்போதே கேட்கச் சொல்கிறேன்.

பாடசாலை வைத்தியப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 இல்தான் வரும், அதுவரை காத்திருக்காதீர்கள். 6 மாதத்துக்கு ஒருமுறை மகளைக் காட்டுங்கள், தம்பியையும் சேர்த்துக் கொண்டு போங்கள். ஒவ்வொரு முறையும் பவர் எழுதிய பழைய துண்டுகளைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பார்த்துத்தான் அத்ரோபின் சொட்டு தேவையா என்று முடிவெடுப்பார்கள்.