கூட்டத்தை நிறுத்தலாமா, ஓவர்டைமை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவர் மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை பெற்றுக் குடியை நிறுத்தி ஐந்து மாதங்கள் ஆகின்றன. பழைய கடனை அடைக்க ஓவர்டைம் பார்க்கிறார். வாரத்தில் மூன்று மாலை ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் – குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்கும் குடிநோயாளிகளின் அமைப்பு) கூட்டத்துக்கும் போய்விடுவதால் வீட்டுக்கு அவர் நேரமே ஒதுக்குவதில்லை. குடியைத்தான் விட்டாயிற்றே, இனி கூட்டத்தை நிறுத்திவிட்டுக் குடும்பத்தைக் கவனிக்கச் சொல்லலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஓசூர்

பதில்: சொல்லாதீர்கள். உங்கள் குறை நியாயமானதுதான். ஆனால் அந்த நேரத்தைப் பெரும்பாலும் விழுங்குவது ஓவர்டைம். அதைக் குறைப்பது பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பணம் கொண்டு வருவதால் அது கண்ணை உறுத்தவில்லை போலும்.

காலை ஷிப்ட் முடிந்தும் வீடு திரும்பாமல் இரவு எட்டு மணி வரை இயந்திரத்தின் முன் நின்றவர், மதியம் சாப்பிட்டதோடு சரி என்ற வயிற்றோடும் சூப்பர்வைசரிடம் வாங்கிய திட்டோடும் தனியே பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, டாஸ்மாக் கடை மூட இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கிடமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது ஏ.ஏ. உறுப்பினர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பாடம்; ஓவர்டைமோ நான்கையும் ஒரே மாலையில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. போதாததற்கு, குடியை விட்டவர்களுக்குத் தூக்கம் சீராகவே பல மாதங்கள் ஆகலாம்.

1935 மே மாதம் அமெரிக்காவின் அக்ரான் நகரில், வியாபார முயற்சி தோற்று, ஒரு ஹோட்டலின் முன்கூடத்தில் தனியே நின்ற பில் வில்சனும் குடியை விட்டு அப்போது ஐந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. பக்கத்திலேயே மதுக்கூடம். அவர் அதற்குள் நுழையாமல் தொலைபேசியை எடுத்து, மனம்விட்டுப் பேச இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று விசாரித்தார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற மருத்துவர். அந்த இருவரின் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் நீங்கள் நிறுத்த நினைக்கும் கூட்டம்.

ஆகவே ஓவர்டைமை வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; கூட்டமில்லாத மற்ற மாலைகள் வீட்டுக்கு வரட்டும். குடும்பத்தினருக்கென்றே நடக்கும் அல்-அனான் கூட்டம் அருகில் இருந்தால் நீங்களும் போய் வாருங்கள். வருமானம் குறைவதால் கடன் அடைய இன்னும் ஓராண்டு கூடுதலாகப் பிடிக்கலாம். தவணையை நீட்டித் தரும்படி கடன் கொடுத்தவர்களிடம் இருவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள். அவரைத் தனியே அனுப்ப வேண்டாம். அவர்களில் ஒருவர் அவருடைய பழைய குடிக் கூட்டாளியாகவும் இருக்கக்கூடும்.