பையன் சம்பளம் கேட்கக் கூச்சப்படுகிறானா? வீட்டுப் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள்

"நன்றாகத்தான் படிக்கிறான் சார், ஆனால் பெரிய சம்பளம் வரும் வேலை என்றாலே முகத்தைச் சுளிக்கிறான், பணக்காரன் எல்லாம் ஊரை அடித்து உலையில் போட்டவன் என்கிறான், என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த வசனத்தை அவன் முதலில் யார் வாயிலிருந்து கேட்டிருப்பான்?

பெரும்பாலும் வீட்டில்தான். தெரிந்தவர் யாராவது வீடு கட்டினால் "எங்கே அடித்தானோ" என்போம். நம் பழமொழிகளையே எடுத்துக்கொள்ளுங்கள்: பணம் பாதாளம் வரை பாயும், பணம் என்றால் பிணமும் வாயைத் திறக்கும். (திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்பதும் இதே மொழியில்தான் இருக்கிறது, ஆனால் அதைப் பரீட்சைக்கு மட்டும்தான் எடுக்கிறோம்.) பத்துப் பதினைந்து வருடம் இப்படிக் கேட்டு வளர்ந்தவனிடம் திடீரென்று "நன்றாகச் சம்பாதி" என்றால், இவ்வளவு நாள் நீங்கள் திட்டிய ஆளாகவே அவனை மாறச் சொல்கிறீர்கள் என்றுதான் அவனுக்குப் படும்.

பிராட் கிளான்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2011-ல் பணம் பற்றிய நம்பிக்கைகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று பணத்தைக் கண்டு ஒதுங்குவது: பணம் கெட்டது, பணக்காரர்கள் பேராசைக்காரர்கள் என்ற எண்ணம். இது அதிகம் உள்ளவர்களுக்கு வருமானமும் சொத்தும் குறைவாக இருந்தன. இதை வைத்து எண்ணம்தான் வருமானத்தைக் குறைத்தது என்று சொல்லிவிட முடியாது, கையில் காசு இல்லாதவருக்கு எரிச்சல் வருவதும் இயல்புதானே. ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளிடம் இது எப்படி வெளிப்படுகிறது என்று சொல்கிறேன். நேர்முகத் தேர்வில் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால் "நீங்கள் கொடுப்பதைக் கொடுங்கள்" என்பார்கள். விற்பனை, நிதி, சொந்தத் தொழில் பக்கமே திரும்ப மாட்டார்கள், காரணம் கேட்டால் பிடிக்கவில்லை என்பதோடு சரி. அவர்களைக் குறை சொல்ல எனக்கும் வாய் இல்லை, ஆலோசனைக்குக் கட்டணம் கேட்கவே நான் சில வருடம் தயங்கியவன்.

அதற்காக அவனிடம் போய் "பணக்காரர்கள் எல்லாம் நல்லவர்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள், அதுவும் பொய், அவன் சிரிப்பான். பெர்னார்ட் மேடாஃப் என்ற அமெரிக்க நிதி முதலாளி பல்லாயிரம் முதலீட்டாளர்களை ஏமாற்றி 2009-ல் 150 ஆண்டு சிறைத் தண்டனை வாங்கினார். சக் ஃபீனி என்ற அமெரிக்கத் தொழிலதிபர் விமான நிலைய வரியில்லாக் கடைகளில் சம்பாதித்ததில் 800 கோடி டாலர் போல நன்கொடையாகக் கொடுத்துவிட்டு, பல வருடம் தன் பெயரே வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார். இரண்டு பேரையும் பணக்காரன் என்ற ஒரே சொல்லில் அடைத்தால் என்ன புரியும்? அதனால் அவன் "அவர்கள் எல்லாம்" என்று ஆரம்பிக்கும்போது யார், எதை விற்றார், யாருக்கு நஷ்டம் என்று மட்டும் கேளுங்கள். சில சமயம் அவன் சொல்வது நியாயமாகவே இருக்கும், அங்கே ஒத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் மற்ற இடத்தில் உங்கள் பேச்சு எடுபடும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஒருவேளை அவனுக்கு உண்மையிலேயே சமூகப் பணியோ ஆசிரியர் வேலையோ பிடித்திருக்கலாம், அதை நோய் மாதிரி நடத்தக் கூடாது. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. "உனக்குப் பிடித்த இதே வேலைக்கு இரண்டு மடங்கு சம்பளம் தந்தால் வாங்கிக்கொள்வாயா?" என்று கேளுங்கள். "ஏன் வாங்காமல்?" என்றால் அவனுக்கு வேலை பிடித்திருக்கிறது, வழிவிடுங்கள். நெளிந்தால், குற்ற உணர்ச்சி இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படி இருந்தால், அவன் துறையிலேயே நேர்மையாக நன்றாகச் சம்பாதிக்கும் ஒருவரோடு அரை மணி நேரம் பேச வையுங்கள். முதல் ஐந்து வருடம் எப்படிப் போனது, எந்த வேலையை வேண்டாம் என்றார், முதல் தடவை சம்பளம் உயர்த்திக் கேட்டபோது என்ன சொன்னார் என்று அவனே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். அப்புறம், அந்த மனிதர் கிளம்பிப் போனதும் "இவருக்கு மட்டும் எப்படி இவ்வளவு வந்தது" என்று தயவுசெய்து ஆரம்பித்துவிடாதீர்கள்.